நிறுவனர் உயிருடன் இருப்பது குறித்து

லிஃப்ட்டுக்காரரிடம் சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. சரக்கு சின்னது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். விலையும் கிடையாது. விலை கிடையாது என்றதும் ஜனங்களுக்குச் சரக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது, அதற்கு அவர் என்ன செய்வார்?

விஷயம் ஒரு ஆவணப்படத்தைப் பற்றியது. கடலுக்கு நடுவே ஒரு பாறைத் தீவு, அதில் ஒரு வானிலை நிலையம். ஒரு பெண்மணி அங்கே இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வெளியே போய்க் காற்றையும் மழையையும் வெப்பத்தையும் அளக்கிறார். உள்ளே வந்து ரேடியோவில் எண்களை வாசிக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் "கிடைத்தது" என்கிறது. எழுபது நிமிடமும் இதேதான். கடைசியில் அவர் எண்களை வாசித்துவிட்டு, "கிடைத்தது" வாங்கிக்கொண்டு, டீ போடுகிறார். மேஜையில் இரண்டு கப் வைக்கிறார். படம் முடிகிறது.

அந்த இரண்டாவது கப் யாருக்கு? இணையத்தில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். செத்துப்போன கணவருக்கு என்றார் ஒருவர். கடலுக்கு என்றார் இன்னொருவர். மனித குலத்துக்கே என்று ஒரு பேராசிரியர். லிஃப்ட்டுக்காரர் பதினான்காவது முறை பார்த்தபோது அது யாருக்கு என்று கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த கணத்தில் திரும்பிப் பார்த்தார். அறையில் ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் துவைத்த சட்டை கிடந்தது.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் தள்ளிப் போனதே நிலைத்துவிட்டது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை முழுக்க மற்றக் கட்டிடங்களின் மொட்டைமாடி மெஷின் அறையிலும், மேலிருந்து கீழ்வரை இருட்டாகப் போகும் கிணறு போன்ற சுரங்கத்திலும். நாள் முழுக்கக் கேட்பது ஒரே கேள்வி: "ஆச்சா?" ஆச்சு என்றால் ஜனங்கள் உள்ளே ஏறிப் போய்விடுவார்கள். ஆகவில்லை என்றால் திட்டிக்கொண்டே படியேறிப் போய்விடுவார்கள். ஆக மொத்தம் போய்விடுவார்கள். அதனால் அவர் மனிதர்களை விட லிஃப்ட்டுகளோடுதான் நெருங்கிப் பழகியிருந்தார். நகரத்தில் அவர் பார்க்கும் நாற்பத்தாறு லிஃப்ட்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒன்று இருமும், ஒன்று முனகும். ஒன்றுக்குக் கதவு மூடும்போது மணி ஒரு தரம் முழுசாகவும், மறு தரம் பாதியாகவும் அடிக்கும்.

கப் விஷயத்தை ஒரு வாட்ச்மேனிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஹீரோ யாரு?" என்றார் வாட்ச்மேன்.

"ஹீரோ இல்லப்பா. ஒரு அம்மா. வானிலை அளப்பாங்க."

"அளந்து?"

"சொல்லுவாங்க."

"அதான் போன்லயே வருதே சார்," என்று வாட்ச்மேன் போனை எடுத்துக் காட்டினார். வெளியே முப்பத்தொரு டிகிரி.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் அக்கா போன் செய்வாள். அவளிடமும் சொல்லிப் பார்த்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, அந்தத் தீவுல காய்கறிக்கு என்ன பண்ணுவாங்க?" என்றாள். அதிலிருந்து பேச்சு காய்கறிக்கும், அங்கிருந்து முட்டி வலிக்கும் போனது. திரும்பி வரவில்லை.

ஆகவே ஒரு நாள் அவர் ஊர்ப் பொதுப் பக்கம் ஒன்றில் அறிவிப்புப் போட்டார். "ஆவணப்படம் பிடிக்குமா? ஞாயிறு பதினோரு மணிக்கு இணையத்தில் கூடிப் பேசலாம். முதல் படத்தின் சுட்டி கீழே. கடைசிக் காட்சியில் இரண்டாவது கப்பைக் கவனியுங்கள்."

கவனியுங்கள் என்று அவர் சொன்னது கப்பை. வந்தவர்கள் கவனித்தது வேறு.

முதல் ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள். லிஃப்ட்டுக்காரர் சட்டை போட்டு, தலை வாரி, டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வணக்கம். அந்தக் கடைசிக் காட்சியில பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்," என்றது ஒரு கனத்த குரல்.

குரலுக்குச் சொந்தக்காரர், சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"யார் தலைமையில பேசறோம்?"

"தலைமை எல்லாம் இல்ல சார். சும்மா..."

"சும்மா! முப்பத்திரண்டு வருஷம் சங்கம் பதிவு பண்ணினவன் நான். சும்மா ஆரம்பிச்ச சங்கம் எத்தனையைப் பார்த்திருப்பேன். அஸ்திவாரம் இல்லாம மேல பேசிட்டே போனா எப்படி? முதல்ல ஒரு தற்காலிகத் தலைவர் வேணும். நான் தயாரா இருக்கேன். ஆட்சேபம் உண்டா?"

இரண்டாமவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதற்கு நகல் இருக்கிறதா என்று கேட்கும் பிறவி. அவர் உடனே ஆட்சேபம் இல்லை என்று சொல்லி, அதற்காகவே செயலாளர் ஆனார். மூன்றாமவரின் முகத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான்காமவர் கேமராவைத் திறக்கவே இல்லை. அவருக்குப் பிற்பாடு உறுப்பினர் எண் பதினேழு என்று கொடுத்தார்கள். நாலு பேருக்குப் பதினேழு எப்படி என்று லிஃப்ட்டுக்காரர் கேட்டதற்கு, "ஒன்னுலேர்ந்து பதினாறு வரைக்கும் பொறுப்பாளர்களுக்கு ஒதுக்கீடு," என்றார் தலைவர்.

"அந்தக் கப்..."

"பதிவு பண்ணிக்கறோம். செயலாளர், எழுதிக்கங்க: நிறுவனர் ஒரு கப் குறித்துப் பேச விழைந்தார்."

லிஃப்ட்டுக்காரருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அனுபவசாலிகள் வந்திருக்கிறார்கள். எந்த லிஃப்ட்டும் முதலில் கீழே போய்த்தானே மேலே வரும் என்று தேற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பெயர்க் குழு அமைந்தது. அதற்கடுத்த ஞாயிறு பெயர்க் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு ஆவணப்படம் என்றால் என்ன என்று வரையறுக்க ஓர் உபகுழு. அது ஏழு வாரம் உழைத்தது. கல்யாண வீடியோ ஆவணப்படமா? மாப்பிள்ளை விருப்பத்தோடு சிரித்திருந்தால் ஆவணப்படம், போட்டோக்காரர் சொல்லிச் சிரித்திருந்தால் புனைவு என்று முடிவானது. கடையில் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமரா? செயலாளர் தம் ஜெராக்ஸ் கடைக் காட்சியைப் பதினோரு நிமிடம் போட்டுக் காட்டினார். ஒரு வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வாங்கிய பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவது தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் விவாதம் சூடு பிடித்தது. பேனா மறதியாலா, மனமறிந்தா? கோணம் போதுமா? நிறுவனர் உள்பட எல்லோரும் பேசினார்கள். சங்கத்தின் வரலாற்றில் கூடிப் பார்த்துக் கூடிப் பேசிய ஒரே படம் அதுதான். தலைவர் கலவரமடைந்து, அன்றைய நடவடிக்கை முழுவதையும் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார்.

"இங்க பாருங்க," என்றார். "என் சர்வீஸ்ல நாலாயிரம் சங்கத்துக்கு மேல பதிவு பண்ணியிருக்கேன். கலைஞ்சுபோனது எல்லாம் ஏன் கலைஞ்சுது தெரியுமா? எதுக்கு ஆரம்பிச்சாங்களோ அந்த வேலையில இறங்கினதால. படம் பார்த்தா அபிப்பிராயம் வரும். அபிப்பிராயம் வந்தா ரெண்டு கட்சி ஆகும். நான் இதுவரைக்கும் ஒரு ஆவணப்படமும் பார்த்ததில்ல. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது."

பலத்த கைதட்டல் என்று குறிப்பில் ஏறியது.

அப்போது கைதட்ட ஆளும் சேர்ந்திருந்தது. உறுப்பினர் படிவம்தான் காரணம். அதில் முப்பத்து நான்கு கேள்விகள். இரத்த வகை என்ன? கடைசியாகக் கண் பரிசோதித்தது எப்போது? அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? பிடித்த படம் எது என்று கேட்க இடம் இல்லை. லிஃப்ட்டுக்காரர் தேடிப் பார்த்துவிட்டு, 'உடற்குறை ஏதேனும் இருப்பின்' என்ற கட்டத்தில், 'ஆவணப்படம் பார்ப்பேன்' என்று எழுதினார். அவசரத்துக்கு அக்காவின் பெயரைக் கொடுத்தார். வேறு பெயர் இல்லை.

படிவம் இவ்வளவு கடினமாக இருக்கிறதே, உள்ளே ஏதோ பெரிதாக இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். துணிக்கடையில் உள்ளறையிலிருந்து எடுத்து வரும் துணிக்குத் தனி மவுசு வருவது போல. ஆறு மாதத்தில் அறுபத்தொரு பேர்.

சட்டவிதிகளையும் செயலாளர்தான் தயாரித்தார். தலைவர் ஏற்கெனவே ஓர் ஓய்வூதியர் சங்கத்துக்கும் தலைவர். அதன் விதிப் புத்தகத்தைக் கொடுத்து, "இதை மாதிரி பண்ணிடுங்க," என்றார். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் 'மாதிரி' என்று சொன்னால் என்ன ஆகும்? 'ஓய்வூதியர்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'ஆவணப்பட ஆர்வலர்' என்று மாற்றிவிட்டு, மீதியை ஒரு புள்ளி குறையாமல் அப்படியே எடுத்துவிட்டார். 'ஆவணப்பட ஆர்வலர் படுக்கையில் இருப்பின் பொறுப்பாளர் இல்லம் சென்று கைரேகை பெறலாம்.' 'ஆவணப்பட ஆர்வலரின் மறைவுக்குப் பின் அவர்தம் ஆர்வத்தில் பாதி துணைவருக்குச் சேரும்.' இப்படி நாற்பது பக்கம். ஒருமனதாக நிறைவேறியது. படித்தவர் யாரும் இல்லாததால் மாறுபட்டவரும் இல்லை.

லிஃப்ட்டுக்காரர் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இடைவெளி பார்த்து, "தலைவரே, அந்த இரண்டாவது கப்," என்பார். மூன்று முறை அப்படிக் குறுக்கிட்டதும், தலைவர் அவருக்கு 'மதிப்புறு நிறுவனர்' பட்டம் கொடுத்தார். நல்ல தடிமனான எழுத்தில் சான்றிதழ் வந்தது. கூடவே ஒரு சலுகை: மதிப்புறு நிறுவனரின் மைக் எப்போதும் மூடியிருக்கும்.

அவர் செயலாளருக்குப் போன் செய்தார்.

"மைக்கைத் திறந்து விடுங்க சார். ஒரே நிமிஷம்தான்."

"என்ன சார் நீங்க. நிறுவனர்னா சுவத்துல மாட்டின படம் மாதிரி. எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. படமே திடீர்னு பேச ஆரம்பிச்சா எங்களுக்குப் பயமா இருக்காதா? எழுதி அனுப்புங்க, வரிசைப்படி வரும்."

எழுதி அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது: "கிடைத்தது."

அதைப் படிக்கும்போதெல்லாம் தீவுப் பெண்மணியின் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்காவது குரலில் வந்தது.

கடைசியில் அவருடைய படம் நிகழ்ச்சி நிரலில் பதினொன்றாவது இடம் பிடித்தது: 'நிறுவனர் முன்மொழிந்த படம் குறித்து.' எந்தக் கூட்டமும் நான்காவதைத் தாண்டியதில்லை. வருகைப் பதிவே நாற்பது நிமிடம் எடுக்கும். செயலாளர் அறுபத்தொரு பெயரையும் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் தம் குரலால் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். சைகை, எழுத்து, தலையாட்டல் செல்லாது. விதி.

மைக் மூடிய முதல் ஞாயிறு, மரியாதைக்காக நிறுவனரின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள்.

"மதிப்புறு நிறுவனர் அவர்கள்?"

"உள்ளேன்!" என்றார் லிஃப்ட்டுக்காரர், மூடிய மைக்கிடம்.

"மதிப்புறு நிறுவனர்? பதில் இல்லை. அடுத்து..."

"உள்ளேன் சார்! இங்கதான் இருக்கேன்! உள்ளேன்!"

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சுவரை இரண்டு முறை தட்டினார்கள். அந்த மாதத்தில் அவருக்கு நேரில் கிடைத்த ஒரே பதில் அது.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு நிறுவனர் கத்தவில்லை. மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல, "உள்ளேன்," என்றார். செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.

'விதி பதினான்கின்படி, தொடர்ந்து மூன்று அழைப்புகளுக்குக் குரல் கொடுக்காத ஆவணப்பட ஆர்வலர் காலமானதாகக் கருதப்படுவார். அதன்படி தாங்கள் காலமானதை ஆழ்ந்த வருத்தத்துடன் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் முன்மொழிவு, பொருள் எண் பதினொன்று, தங்களோடு முடிவுக்கு வருகிறது. வரும் ஞாயிறு இரங்கல் கூட்டம்.'

செத்தது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பொருள் எண் பதினொன்று போனதுதான் பாதித்தது. போனை எடுத்தார்.

"சார், நான் உயிரோட இருக்கேன்."

"தெரியுது சார், குரல் கேக்குது," என்றார் செயலாளர். பின்னால் மெஷின் நகல் தள்ளிக்கொண்டிருந்தது. "ஆனா அதை நீங்களே சொன்னா எப்படி சார் ஏத்துக்கறது? சம்பந்தப்பட்டவர் வாக்குமூலம் செல்லாது. உயிர்ச் சான்றுப் படிவம்னு இருக்கு, அனுப்பறேன். சக உறுப்பினர் ஒருத்தர் உங்களை நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

"நேர்லயா? இது இணையச் சங்கமாச்சே. யாரும் யாரையும் நேர்ல பார்த்ததில்லையே."

"ஆமா."

"நீங்க ஒரு தடவை பாருங்களேன், நான் வர்றேன்."

"பொறுப்பாளர்கள் போடக் கூடாது. பாரபட்சம்."

"அப்ப மத்தவங்க விலாசம் குடுங்க."

"விலாசம் ரகசியம் சார். உறுப்பினருக்கு மட்டும்தான் தருவோம். நீங்க..." செயலாளர் நாகரிகமாக நிறுத்திக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வாங்க. பார்வையாளரா உட்காரலாம். உங்க கூட்டம், நீங்க இல்லாம எப்படி?"

ஞாயிறு காலை அக்கா வழக்கத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டாள்.

"டேய், நீ செத்துட்டியாமேடா?"

"இல்லக்கா."

"லெட்டர் வந்திருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம்தான் பார்த்தேன், தேதி செவ்வாக்கிழமைன்னு போட்டிருக்கான். புதன்கிழமை நீ எனக்கு முட்டி வலித் தைலம் பேரு சொன்னியே."

"ஆமாக்கா. அது ஒரு விதிப் பிரச்சினை."

"என்ன விதியோ." காகிதம் சரசரத்தது. "ஆனா நல்லா எழுதியிருக்கான்டா. 'அன்னாரின் பண்பும் பணிவும் எங்களை என்றும் வழிநடத்தும்'னு. உயிரோட இருக்கறப்ப ஒருத்தனும் உன்னைப் பத்தி இப்படிச் சொன்னதில்லையே." காகிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. "நான் வேணா வரட்டுமா?"

"எதுக்குக்கா? முட்டியோட இவ்வளவு தூரம்."

"அதுவும் சரிதான். சாப்பிட்டியா?"

பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. திரையின் நடுவே பெரிதாகக் கறுப்புக் கட்டம் போட்ட அவருடைய புகைப்படம், உறுப்பினர் படிவத்திலிருந்து எடுத்தது. கீழே மூலையில், அவருக்கு மட்டும் தெரிகிற சின்னக் கட்டத்தில், பனியனோடு அவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய கட்டத்தில் இருந்தவர்தான் அதிக நிம்மதியாக இருப்பதாகப் பட்டது.

இரண்டு நிமிடம் மௌனமாக எழுந்து நின்றார்கள். அவரும் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது.

தலைவர் பேசினார். "நிறுவனரை நான் நேர்ல பார்த்ததில்ல. அவர் என்ன சொல்ல வந்தார்னும் எனக்குத் தெரியாது. அவர் சொல்ல வந்தப்பவெல்லாம் நான்தான் பேசிட்டிருந்தேன். ஆனா ஒன்னு. கடைசி மூணு வாரமும் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினது கிடையாது. ஒரு சங்கத்துக்கு இதைவிட நல்ல உறுப்பினர் கிடைப்பாரா? எல்லாரும் அவரை மாதிரி ஆகணும்."

செயலாளர் பேசினார். "அவர் எழுதின கடிதம் நாற்பத்தேழும் கோப்புல இருக்கு. ஒன்னைக்கூட நாங்க திறக்கல. அப்படியே, அவர் அனுப்பின மாதிரியே, பத்திரமா வச்சிருக்கோம். பின்னால வர்றவங்க ஆராய்ச்சி பண்ணலாம்."

பிறகு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். இரங்கல் கூட்டத்தில் மட்டும் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று விதியில் இருந்தது. அந்த ஓய்வூதியர் சங்கத்தில் அடிக்கடி தேவைப்பட்ட விதி. யாரும் முன்வரவில்லை. செயலாளர் நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமும்போது, இதுவரை இருட்டாகவே இருந்த ஒரு கட்டம் வெளிச்சமானது. உறுப்பினர் எண் பதினேழு.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. மூக்கின் நுனியில் கண்ணாடி. பின்னால் கூரை வரைக்கும் மருந்து அட்டைப்பெட்டிகள்.

"வணக்கங்க. நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. அதனால கேமரா போடறதில்ல, மன்னிச்சுக்கங்க. எனக்கு அவரைத் தெரியாது. ஆனா முதல் அறிவிப்புல அவர் ஒரு படத்தோட சுட்டி போட்டிருந்தார். நீங்க அதை அப்புறம் எடுத்துட்டீங்க. அதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேன்."

லிஃப்ட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"மூணு தடவை பார்த்தேன். கடைக்கு ஆள் வராத நேரமா பார்த்து. அந்தம்மா தினமும் எண்ணுங்களை வாசிக்கறதும், அவங்க 'கிடைத்தது'ன்னு சொல்றதும்... நானும் நாள் பூரா சீட்டு வாங்கறேன், மருந்து குடுக்கறேன். காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு, சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொல்றேன். சரிம்மான்னு போயிடறாங்க. அவ்வளவுதானே. அதனால எனக்கு அந்தம்மாவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

குரலைச் சரி செய்துகொண்டார்.

"அவர் 'இரண்டாவது கப்பைக் கவனியுங்கள்'னு எழுதியிருந்தார். நானும் கவனிச்சேன். புரியல. இந்தச் சங்கத்துல நான் சேர்ந்ததே அதைக் கேக்கத்தான். வாராவாரம் உட்கார்ந்திருந்தேன், அவர் சொல்லுவார்னு. இப்ப அவரும் போயிட்டார். அந்தக் கப் யாருக்குன்னு..."

"இரண்டு நிமிடம் நிறைவு பெற்றது," என்றார் செயலாளர்.

லிஃப்ட்டுக்காரர் கத்தினார். எழுதி அனுப்பப் பார்த்தார். மறைந்தவருக்கு மரியாதையாக எழுத்துவசதி நிறுத்தப்பட்டிருந்தது. மருந்துக்கடை அம்மா தலையை ஆட்டிவிட்டு, கேமராவை மூடக் கையை நீட்டினார். அந்த ஒரு கணத்தில் அவருக்குப் பின்னால், கடைக்கு வெளியே எங்கிருந்தோ, ஒரு மணி அடித்தது. ஒரு தரம் முழுசாக. மறு தரம் பாதியாக.

கட்டம் இருண்டது. லிஃப்ட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு நாற்பத்தாறு லிஃப்ட் தெரியும். அதில் பாதி மணி அடிப்பது ஒன்றே ஒன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருத்துவர்கள் இருக்கும் ஐந்து மாடிக் கட்டிடம். கதவு நான்கு விரல் இடைவெளியில் தயங்கி, திறந்து, திரும்ப மூடும். கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்கு நேர் எதிரே, ஒரு மருந்துக்கடை. இரண்டு வருடமாக அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வேலை பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் கருவிப்பையோடு அங்கே போனார். அந்தக் கதவைப் பற்றிய புகார்ச் சீட்டும் பையில் இருந்தது. கடையில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் ஏழாவதாக நின்றார். முறை வந்தது.

"சீட்டு குடுங்க."

கொடுத்தார். மருந்துக்கடை அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது மருந்துச் சீட்டு இல்லைங்களே. என்னமோ உயிர்ச் சான்றுன்னு..."

"ஆமாங்க. நான்தான் அந்த நிறுவனர்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"நேத்து உங்களுக்காக ரெண்டு நிமிஷம் நின்னேன். நாள் பூரா நிக்கற காலு. அதுக்கு மேல ரெண்டு நிமிஷம்."

"ஆமாங்க. நானும்தான் நின்னேன்."

"அம்மா, எனக்கு வயித்து வலி மாத்திரை," என்றார் பின்னால் நின்றவர்.

"கொஞ்சம் இருங்க. இங்க ஒருத்தர் செத்துப் பொழைச்சு வந்திருக்கார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லுங்க. யாருக்கு?"

மாதக்கணக்காக வைத்திருந்த சரக்கு. லிஃப்ட்டுக்காரர் மேஜையிலிருந்த இருமல் மருந்துக் குப்பியை எடுத்து நடுவில் வைத்தார்.

"இதுதான் கப்புன்னு வச்சுக்கங்க. முதல் கப்போட பிடி அவங்க பக்கம் இருக்கு. சரியா? இரண்டாவது கப்பை வைக்கறப்ப, அவங்க ஒரு தடவை திருப்பி வைக்கறாங்க. பிடி நம்ம பக்கம் வருது. கேமராவுக்கு. அந்தக் கப்பு படம் எடுக்கறவருக்குங்க. அவர் அங்கேயேதான் இருந்திருக்கார். எழுபது நிமிஷமும் அந்தம்மா தனியா இருக்காங்கன்னு நாம பார்த்துட்டு இருக்கோம். அவங்க தனியா இல்ல."

மருந்துக்கடை அம்மா குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் அதைப் பார்த்தார்கள்.

"எடுக்கறவர்னு ஒருத்தர் இருப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லையே," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "சரி. அவர் குடிச்சாரா?"

"என்னங்க?"

"டீயை. கேமராவை விட்டுட்டு வந்து உட்கார்ந்து குடிச்சாரா? இல்ல, படம் நல்லா வந்துடுச்சுன்னு அப்படியே நின்னுட்டாரா? ஆறிப்போச்சா?"

லிஃப்ட்டுக்காரர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். பதினான்கு தடவை பார்த்திருக்கிறார். இது தோன்றவில்லை.

"படம் அதோட முடிஞ்சுடுதுங்களே."

"அதான் கேக்கறேன்."

"மறுபடி பார்க்கணும்," என்றார் அவர்.

"பாருங்க. நானும் பார்க்கறேன்." அவர் பேனாவை எடுத்து உயிர்ச் சான்றைத் தம் பக்கம் திருப்பினார். பெயர், உறுப்பினர் எண் பதினேழு, தேதி. 'மேற்படி ஆர்வலர் உயிருடன் இருப்பதை எவ்வாறு அறிந்தீர்?' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரே வார்த்தை எழுதினார்: 'பேசினார்.' கடை முத்திரையையும் அழுத்தி வைத்தார்.

வயிற்று வலிக்காரர் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். லிஃப்ட்டுக்காரர் ஓரமாக நின்று அந்த வார்த்தையை இரண்டு முறை படித்தார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதைச் சங்கத்துக்கு அனுப்பியதாகக் குறிப்புகள் எதிலும் இல்லை. அங்கே இப்போது ஆண்டுதோறும் நிறுவனர் நினைவுச் சொற்பொழிவு நடத்துவதற்கான குழுவை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் லிஃப்ட்டின் முன்னால் மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தில் விளக்கடித்துப் பார்த்தார். மூலையில் ஒரு மாத்திரை அட்டையின் கிழிசல் சிக்கியிருந்தது. இரண்டு விரலால் எடுத்துவிடலாம். யாருக்கும் ஆபத்தில்லாத கோளாறு. எடுக்காமலே விளக்கை அணைத்தார். எழுந்து, புகார்ச் சீட்டைச் சுவரில் வைத்து, பொறுமையாக எழுதினார்: 'கோளாறு கண்டறியப்பட்டது. இன்னும் சில முறை வந்து பார்க்க வேண்டியிருக்கும்.'